மூவாயிரத்துக்கு ஒரு ஞாயிறு

ஜனவரி 11

அக்காவுக்கு,

நான் நலம். நீ நலமா என்று கேட்கப்போவதில்லை. கேட்டால் பொய் சொல்வாய். நேற்று எத்தனை மணி நேரம் தூங்கினாய்? எண்ணை மட்டும் எழுது.

போனை விட்டுக் கடிதத்துக்கு வந்த காரணம் உனக்கே தெரியும். போன மாதம் மூன்று தடவை பேச்சின் நடுவில் தூங்கிப்போனாய். கடைசித் தடவை பதினோரு நிமிடம் உன் குறட்டையைக் கேட்டுக்கொண்டு பதினாலாவது மாடியில் நின்றேன். பக்கத்தில் இருந்த ஃபோர்மேன், "என்ன தம்பி, லைன்ல மோட்டார் ஓடுதா?" என்றார். "எங்க அக்கா. டாக்டர்" என்றேன். மனிதர் பாவப்பட்டு எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். எனக்கு எதற்கு?

இங்கே நாலு லிஃப்டில் இரண்டு ஓடுகிறது. நான் போல்ட் முடுக்குகிறேன். வேறொருவன் வந்து சுற்றிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுப் போகிறான். அந்த ஒரு கையெழுத்துக்கு என் ஒரு மாதச் சம்பளம். பாதுகாப்பு ஆய்வாளர் சான்றிதழ் இருந்தால் அந்தக் கையெழுத்தை நானே போடலாம். ஆறு மாதப் படிப்பு, கட்டணம் அறுபதாயிரம், முதல் நாற்பதை பிப்ரவரிக்குள் கட்ட வேண்டும். இது தகவல். கேட்கவில்லை.

நீ எப்படிச் சமாளிக்கிறாய் என்று விவரமாக எழுது. இத்தனை வருஷம் படித்து டாக்டராகி, மேற்படிப்பும் படித்துக்கொண்டு, செருப்பு வாங்க மாதக் கடைசிக்குக் காத்திருக்கிறாயே, இது என்ன நிர்வாகம்?

அம்மா சுகம். நீ சாப்பிடுகிறாயா என்று கேட்கச் சொன்னாள். கேட்டுவிட்டேன்.

தம்பி

*

ஜனவரி 30

டேய் தம்பி,

நலமே. எண் கேட்டாயே: நான்கரை. அதற்கு முந்தின நாளைக் கேட்காதே. உன் முதுகு வலி எப்படி இருக்கிறது? வெயிட் தூக்கும்போது முழங்காலை மடக்கு என்று எத்தனை தடவை சொல்வது?

எங்கள் நிர்வாகத்தைக் கேட்டாய். சொல்கிறேன், சிரிக்காதே. ஸ்டைபண்ட் மாதா மாதம் வரும் என்பது ஒரு நம்பிக்கை. சில சமயம் ஐந்தாம் தேதி வரும், சில சமயம் அடுத்த மாதத்தோடு சேர்ந்து வரும், சில சமயம் வரவே வராமல் 'பாக்கி' என்று பெயர் மாற்றிக்கொள்ளும். முதல் வருஷத்தில் நாலு மாதம் எனக்கு அப்படி நின்றுபோனது. யாரும் போய்க் கேட்பதில்லை. கேட்க நேரமில்லை.

அதனால் வார்டில் ஒரு சட்டம் வைத்திருக்கிறோம். டூட்டியில் யார் சீனியரோ அவர்தான் ஜூனியரின் டீக்கும் சாப்பாட்டுக்கும் பணம் கொடுக்க வேண்டும். கணக்கு வைக்கக் கூடாது, திருப்பிக் கொடுக்கக் கூடாது. முதல் வருஷம் என் பணம் ஒரு டீக்கும் போனதில்லை. இப்போது இரண்டாம் வருஷம், நான் கொடுக்கிறேன்.

இன்னொன்று: ஞாயிறு வியாபாரம். டூட்டி அறையில் ஒரு பலகை இருக்கிறது. ஞாயிறு டூட்டி வந்து, வர முடியாதவர்கள், இன்னொருவரின் ஓய்வு ஞாயிறை விலைக்கு வாங்குவார்கள். இருபத்துநாலு மணி நேரம், மூவாயிரம். கல்யாணம் நிச்சயமானவர்கள் வாங்குவார்கள், செருப்பு வேண்டியவர்கள் விற்பார்கள். நான் விற்பதில்லை. ஞாயிறு எனக்குத் தூங்குவதற்கு.

டிசம்பரில் எனக்கு ஒரு ஜூனியர் வந்திருக்கிறான். எதைச் சொன்னாலும் "பரவாயில்லக்கா" என்பான். ஊசி குத்திக்கொண்டான், "பரவாயில்லக்கா." சாப்பாடு தீர்ந்துபோனது, "பரவாயில்லக்கா." பேரே பரவாயில்லை ஆகிவிட்டது. நோயாளிகள்கூட "பரவாயில்லை டாக்டர் எப்ப வருவார்?" என்கிறார்கள்.

இப்போது நல்ல செய்தி. பழைய பாக்கி வர ஆரம்பித்துவிட்டது! டிசம்பரில் பதினெட்டாயிரம், இந்த மாதம் பதினெட்டாயிரம். முதல் வருஷ ஸ்டைபண்ட் எவ்வளவோ அதே தொகை. அதோடு நாலாயிரம் சேர்த்து நாற்பதாயிரமாக அனுப்பியிருக்கிறேன். நீ கேட்கவில்லை, தெரியும். வாயை மூடிக்கொண்டு போய்க் கட்டு.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

*

பிப்ரவரி 14

அக்காவுக்கு,

நலம். முதுகும் நலம். முழங்காலை மடக்குகிறேன், ஃபோர்மேன் சிரிக்கிறார்.

பணம் வந்தது. கட்டிவிட்டேன். ரசீதின் நகல் இதோடு. மார்ச்சில் வகுப்பு. நன்றி என்று எழுத வேண்டுமாம், எழுதிவிட்டேன்.

உங்கள் வார்டுச் சட்டம் அபத்தம். கணக்கு வைக்காதே என்று சட்டம் போட்ட கூட்டத்தை இப்போதுதான் பார்க்கிறேன். நாலு உறை எடு. ஒன்றில் சாப்பாடு, ஒன்றில் அறை வாடகை, ஒன்றில் பரீட்சைக் கட்டணம், ஒன்றில் தொடக் கூடாத பணம். மாதம் பிறந்ததும் பிரித்துப் போடு. இதற்கு டாக்டர் படிப்பு வேண்டாம்.

இன்னொன்று. அந்தப் பாக்கிக்கு ஏதாவது சீட்டு வந்ததா? என்ன மாதத்துப் பணம் என்று எழுதியிருக்கிறதா? எங்கள் வேலையில் லிஃப்ட் வழக்கத்தைவிட லேசாக மேலே போனால் சந்தோஷப்பட மாட்டோம். நிறுத்திவிட்டு, என்ன கழன்றது என்று பார்ப்போம். அலுவலகத்தில் போய்க் கேள்.

அம்மாவுக்குப் பல் வலி. மற்றபடி சுகம்.

தம்பி

*

ஏப்ரல் 2

அன்புத் தம்பிக்கு,

சுகம்தான், சளியைத் தவிர. பதில் தாமதமானதற்கு மன்னித்துக்கொள். பிப்ரவரி முழுக்க எனக்கு நினைவில் இல்லை.

நாலு உறை வாங்கினேன். நாலிலும் மருந்துச் சீட்டு இருக்கிறது.

பாக்கி நாலு மாதமும் வந்து முடிந்துவிட்டது. கணக்கு மிகச் சரி. அலுவலகத்தில் கேட்கச் சொன்னாயே, பணம் வரும்போது போய்க் கேட்டால் அது பயந்து ஓடிவிடும். உனக்கு இரண்டாம் தவணை இருபதாயிரம் அனுப்பியாயிற்று. அம்மாவின் பல்லுக்குப் பத்து. எனக்குப் புது ஷூ. மீதி பரவாயில்லையின் வயிற்றுக்குள் போகிறது. அந்த ஒல்லி உடம்பில் எங்கே வைக்கிறான் என்று தெரியவில்லை. இரண்டு தட்டு சாப்பிட்டுவிட்டு என் தட்டைப் பார்க்கிறான். "இன்னும் வேணுமாடா?" என்றால், "பரவாயில்லக்கா" என்கிறான். அது வேண்டும் என்று அர்த்தம்.

வகுப்பு எப்படிப் போகிறது? எழுது. நேரத்துக்குத் தூங்கு. சொல்பவள் யார் என்று கேட்காதே.

அக்கா

*

மே 4

அக்காவுக்கு,

நலம். நீ?

ஒரு மாதமாகக் கடிதம் இல்லை. போன் எடுப்பதில்லை. முந்தின ஞாயிறு அம்மா கூப்பிட்டாளாம், "வேலையா இருக்கேன்மா" என்று வைத்துவிட்டாயாம். அதற்கு முந்தின ஞாயிறும் அதே பதிலாம். ஞாயிறு தூங்குவதற்கு என்று எழுதினவள் நீதானே?

வகுப்பு நடக்கிறது. வாத்தியார் நன்றாக நடத்துகிறார் என்று மற்றவர்கள் சொல்கிறார்கள்.

மூன்றாவது லிஃப்டும் ஓட ஆரம்பித்துவிட்டது. இரண்டு வரியாவது எழுது. சாப்பிடு.

தம்பி

*

மே 15

தம்பிக்கு,

நலம். வேலை அதிகம். ஞாயிறுகளில் நல்ல நல்ல கேஸ் வருகிறது, கற்றுக்கொள்ளலாம் என்று நின்றுவிடுகிறேன். வேறொன்றும் இல்லை.

நீ படி. படிப்பை விட்டுவிடாதே. எது நடந்தாலும் அதை மட்டும் விட்டுவிடாதே.

அக்கா

*

மே 28

அக்காவுக்கு,

நலமா, சுகமா எல்லாம் பிறகு.

உன் கடிதத்தில் "எது நடந்தாலும்" என்று இருந்தது. ஒன்றும் நடக்காதவர்கள் அப்படி எழுதுவதில்லை. ஞாயிறு உங்கள் டூட்டி அறைக்கே போன் போட்டேன். எடுத்தது யார் தெரியுமா?

"வார்டுங்க."

"நான் அக்காவோட தம்பி பேசறேன். அவ இருக்காளா?"

"ஐயோ, அண்ணனா! அக்கா ஆபரேஷன்ல இருக்காங்கண்ணா."

"இன்னிக்கு அவளுக்கு ஓய்வு நாளாச்சே."

"அதை வித்துட்டாங்கண்ணா."

"எத்தனை ஞாயிறு வித்தா?"

"இதோட ஆறு. தொடர்ச்சியா. அண்ணா, நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க. என் பணம் மெதுவா வந்தா போதும், பரவாயில்லன்னுதான் நானும் சொல்றேன். கேக்க மாட்டேங்கறாங்க."

"உன் பணமா? எந்தப் பணம்?"

போனை வைக்கப் பார்த்தான். பிறகு நான் போட்ட சத்தத்தில் எல்லாம் சொல்லிவிட்டான். அவனைத் திட்டாதே. நான் திட்டியாகிவிட்டது.

வந்தது உன் பாக்கி இல்லை. அலுவலகப் பட்டியலில் அவன் பேருக்கு நேரே உன் கணக்கு எண். டிசம்பரிலிருந்து நாலு மாதம் அவன் ஸ்டைபண்ட் உனக்கு வந்திருக்கிறது. எழுபத்திரண்டாயிரம். அவனும் நாலு மாதம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நீயும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சம்பளம் வராதது சகஜம் என்று அவன் நினைத்தான், சம்பந்தமில்லாமல் வருவது சகஜம் என்று நீ நினைத்தாய். உலகத்தில் வேறு எந்தத் தொழிலிலும் இது நடக்காது. எங்கள் சைட்டில் ஒரு நாள் கூலி தள்ளிப்போனால் சிமென்ட் கலக்கும் மெஷினில் ஏறி உட்கார்ந்துகொள்வார்கள்.

போய்க் கேள் என்று பிப்ரவரியிலேயே எழுதினேன். சரி, விடு.

அவன் பரீட்சைக் கட்டணம் இருபத்துநாலாயிரம், ஜூன் கடைசிக்குள் கட்டாவிட்டால் அவனுக்கு ஒரு வருஷம் போய்விடும், அதற்குத்தான் விற்கிறாய் என்றான். ஆறு ஞாயிறு, பதினெட்டாயிரம் கொடுத்துவிட்டாயாம். இன்னும் ஆறாயிரம். இதோடு அனுப்பியிருக்கிறேன். இது உதவி இல்லை. அடுத்த இரண்டு ஞாயிறையும் உங்கள் பலகை விலைக்கே நான் வாங்கிவிட்டேன். வாங்கினவன் சொல்லும் வேலையைத்தான் நீ செய்ய வேண்டும். தூங்கு. வேறு வேலை பார்த்தால் பணத்தைத் திருப்பிக் கேட்பேன்.

தம்பி

*

ஜூன் 12

என் தம்பிக்கு,

நலம். இந்தத் தடவை உண்மையாகவே நலம்.

இரண்டு ஞாயிறும் நீ சொன்ன வேலையைச் செய்தேன். முதல் ஞாயிறு பதினாறு மணி நேரம். எழுந்தபோது எந்த நாள், எந்த வேளை, நான் படிக்கிறேனா பாஸாகிவிட்டேனா எதுவும் தெரியவில்லை. பக்கத்து அறைப் பெண் இரண்டு தடவை வந்து மூச்சு இருக்கிறதா என்று பார்த்தாளாம்.

எனக்கு எப்படித் தெரிந்தது என்று உன்னிடம் சொல்லவில்லையே. ஏப்ரலில் ஒரு நாள் அவன் ஷூவைப் பார்த்தேன். அடி பிளந்து பிளாஸ்திரி ஒட்டியிருந்தான். "ஸ்டைபண்டை என்னடா பண்றே?" என்று திட்டினேன். "வந்ததும் வாங்கிடுவேன்க்கா" என்றான். "எப்பத்திலேருந்து வரலே?" "இந்த வார்டுக்கு வந்ததிலேருந்து. பரவாயில்லக்கா, நீங்கதான் சாப்பாடு போடறீங்களே." அவன் வார்டுக்கு வந்தது டிசம்பர், என் 'பாக்கி' வர ஆரம்பித்ததும் டிசம்பர். நாலு மாதமாக அவன் பணத்தில் அவனுக்கே டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் பெரிய மனுஷி மாதிரி உட்கார்ந்திருந்தேன். என் காலில் புது ஷூ வேறு.

அலுவலகத்துக்கு இரண்டு பேரும் போனோம். அந்தக் கிளார்க் எங்களை மேலும் கீழும் பார்த்தார். "நாலு மாசம் ரெண்டு பேரும் வாயே தொறக்கல. உங்ககிட்டதான் உடம்பு சரியில்லாதவங்க வர்றாங்களா?" என்றார். ஏப்ரலிலிருந்து எண்ணைச் சரி செய்துவிட்டார். பழையதை ஜூலை முடிவதற்குள் எங்களுக்குள் தீர்த்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அதோடு முடிந்தது. இல்லாவிட்டால் தணிக்கைக்குப் போகும். யார் தப்பு என்று விசாரணை, ஒரு வருஷம். என் படிப்பு முடியும் சான்றிதழையும் அதுவரை நிறுத்தி வைப்பார்கள்.

உன்னிடம் மறைத்ததற்குக் காரணம் ஒன்றுதான். அந்தப் பணம் உன் படிப்பில் இருக்கிறது. தெரிந்தால் நீ படிப்பை விட்டுவிட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டு வருவாய். உன்னை எனக்குத் தெரியாதா?

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன், நெஞ்சில் வைத்திருக்க முடியவில்லை. ஆறாவது ஞாயிறு, பத்துக் கிலோ குழந்தைக்கு மருந்து எழுதினேன். நர்ஸம்மா சீட்டைத் திருப்பிக் கொண்டுவந்து, "டாக்டர், இது மூணாம் கட்டிலுக்கா, யானைக்கா?" என்றார். பெரியவர்களுக்கான அளவை எழுதியிருந்தேன். அவர் பார்த்திருக்காவிட்டால்? நான் அழவில்லை. அழக்கூடத் தெம்பில்லை. அவர் நேரே டூட்டி அறைக்குப் போய், பலகையில் அடுத்த ஞாயிறுகளுக்கு எழுதியிருந்த என் பேரை உள்ளங்கையால் அழித்தார்.

இனி விற்க மாட்டேன். இன்னும் நாற்பத்தெட்டாயிரம். ஜூலைக்குள் எப்படியாவது பார்த்துக்கொள்கிறேன். நீ படிப்பைத் தொடாதே. தொட்டால் உன்னோடு பேச மாட்டேன்.

முதுகைக் கவனி.

அக்கா

*

ஜூலை 3

அக்காவுக்கு,

நலம்.

நாற்பத்தைந்தாயிரம் அனுப்பியிருக்கிறேன். ஃபோர்மேனிடம் முன்பணம் வாங்கினேன். நல்ல மனிதர். மேலே கேட்காதே.

மீதி மூவாயிரத்தை நீ பார்த்துக்கொள். கையெழுத்துப் போட்டு முடி. அந்த நர்ஸம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

வகுப்பு எல்லாம் சரி.

தம்பி

*

ஆகஸ்ட் 17

தம்பி என்று கூப்பிட இன்று மனசில்லாத தம்பிக்கு,

உடம்பு எப்படி என்று கேட்கிறேன், அது வழக்கத்துக்காக.

முதலில் நல்லது. கணக்கு தீர்ந்தது, கையெழுத்துப் போட்டாயிற்று. அந்தக் கடைசி மூவாயிரத்தில் ஒரு சண்டை. பரவாயில்லை அதை வாங்க மாட்டேன் என்றான். "நாலு மாசம் டீ குடிச்சிருக்கேன்க்கா, அதுக்குக் கழிச்சுக்குங்க." சீனியர் டீக்குக் கணக்குக் கிடையாது, அது சட்டம் என்றேன். "அது சீனியர் பணத்துல வாங்குற டீக்குத்தான்க்கா" என்றான். வார்டே சிரித்தது. பிடிவாதமாக நீட்டினேன். "முடியாது" என்றான். அவன் வாயில் அந்த வார்த்தையை முதல் தடவையாகக் கேட்டதால் விட்டுவிட்டேன். பரீட்சை எழுதி முடித்துவிட்டான். புது ஷூவும் வாங்கிவிட்டான்.

இப்போது உன் விஷயம். வீட்டுக்கு நீளமான உறை எது வந்தாலும் ஆஸ்பத்திரிக் காகிதம் என்று அம்மா எனக்கு அனுப்பிவிடுவாள், தெரியுமல்லவா? போன வாரம் ஒன்று வந்தது. "இறுதித் தேர்வுக்கு முன்பே விண்ணப்பித்ததால் தங்கள் விலகல் ஏற்கப்பட்டு, கட்டணத்தில் முக்கால் பங்கு திருப்பித் தரப்பட்டது." அறுபதில் முக்கால் நாற்பத்தைந்து. நல்ல மனிதர் உன் ஃபோர்மேன்!

ஒரு நாள் முழுக்கக் கோபம். மறுநாள் அழுகை. மூன்றாம் நாள் அந்தப் பயிற்சி நிலையத்துக்குப் போன் செய்தேன். "விலகினா பணம் திருப்பித் தராத மாதிரி ஏதாவது திட்டம் இருக்கா?" என்று கேட்டேன். அந்தப் பெண் திகைத்துப்போய், "எல்லாரும் திருப்பித் தருவீங்களான்னுதான் மேடம் கேப்பாங்க" என்றாள். "என் தம்பியை உங்களுக்குத் தெரியாதும்மா" என்றேன். இருக்கிறதாம். முதல் இருபதாயிரத்தை முன்கூட்டியே கட்டினால் இடம் உறுதி, ஆனால் ஒரு காசு திரும்பாது. ஜூலையிலிருந்து நான் மூன்றாம் வருஷம், ஸ்டைபண்ட் கூடியிருக்கிறது, அதிசயமாக நேரத்துக்கும் வந்தது. என் பேருக்குத்தான் வந்ததா என்று அலுவலகத்தில் போய்க் கேட்டுவிட்டுத்தான் எடுத்தேன். கட்டிவிட்டேன். செப்டம்பர் எட்டாம் தேதி வகுப்பு. மீதியை நீ சம்பாதித்துக் கட்டு.

எனக்காக விட்டாயே. இனி எனக்காக எதையும் விடாதே. ஒழுங்காகச் சாப்பிடு.

அக்கா

*

ஆகஸ்ட் 30

அக்காவுக்கு,

நான் நலம். நீயும் நலம் என்று கடிதத்தின் நீளத்திலிருந்து தெரிகிறது.

ரசீது வந்தது. ஒரு காசு திரும்பாது என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். இரண்டு நாள் உன்மேல் பயங்கரக் கோபம். ஃபோர்மேனிடம் காட்டினேன். "உங்க அக்கா பெரிய ஆளுப்பா" என்று திங்கள் வியாழன் சீக்கிரம் போக விட்டுவிட்டார். தப்பிக்க இருந்த கடைசி வழியும் போனது.

தப்பிக்க என்று எழுதிவிட்டேன். அந்தச் சொல்லை அடிக்கவில்லை, இருக்கட்டும்.

உனக்காகப் படிப்பை விட்டேன் என்று நீ அழுதாயாம். அழாதே. அது கால்வாசிதான் உண்மை. முதல் தேர்வில் நூற்றுக்குப் பத்தொன்பது வாங்கினேன். இரண்டாவதில் இருபத்திரண்டு. கையால் செய்யும் வேலை எல்லாம் எனக்கு முதலில் வரும். பலகையில் எழுத்தும் எண்ணும் கலந்து எழுத ஆரம்பித்தால் ஒன்றும் ஏறுவதில்லை. வகுப்பில் என்னைவிட இளைய பையன்கள் சட்டென்று விடை சொல்கிறார்கள். நான் பேனாவைச் சரிசெய்கிற மாதிரி குனிந்துகொள்வேன். உனக்குப் பணம் வேண்டும் என்று தெரிந்து, விலகல் கடிதம் கொடுத்துவிட்டுப் படியிறங்கி வரும்போது எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது. இதை யாரிடமும் சொல்லவில்லை. அக்காவுக்காக விட்டேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். கேட்க நன்றாக இருந்தது.

உன் கடிதம் வந்த பிறகு அப்படிச் சொல்லிக்கொள்ள முடியவில்லை.

எட்டாம் தேதி போகிறேன். முதல் பாடமே பிரேக் விசைக் கணக்கு. லிஃப்ட் கீழே வரும் வேகம், உள்ளே இருக்கும் எடை, எத்தனை அடியில் நிற்க வேண்டும் என்று கண்டுபிடிக்க வேண்டும். பிரேக்கை நான் கழற்றி மாட்டுவேன், கண்ணை மூடிக்கொண்டு. ஏன் நிற்கிறது என்று கேட்டால் தெரியாது. பள்ளியில் உனக்கு இதெல்லாம் தண்ணீர் பட்ட பாடு.

உனக்கு ஓய்வு வருகிற ஞாயிறு எது என்று எழுது. முதலில் தூங்கி எழு. பிறகு ஒரு மணி நேரம் எனக்குக் கொடு. அதற்கு என்னால் காசு தர முடியாது. எனக்குச் சொல்லிக் கொடு, அக்கா.

தம்பி